பழைய நெகிழிக் கடல் கயாக்கை வாங்கலாமா? ஒன்பது ஆண்டுகள் வைத்திருப்பவரின் பதில்

எடின்பரோவில் குடியேறி இரண்டு ஆண்டுகளான ஒருவர் கேட்டிருக்கிறார்: இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறார், ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள, எட்டு ஆண்டுகள் புழங்கிய நெகிழிக் கடல் கயாக் (காலை நீட்டி உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் குறுகிய மூடுபடகு) ஒன்று அவருக்கு விலைக்கு வருகிறது, உட்கார்ந்தவுடன் அது இடுப்புக்குக் கீழே ஆடுகிறது, சுக்கான் இல்லை, எடை 28 கிலோ. இதை வாங்கி ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இரண்டு மூன்று நாள் பயணங்கள் போக முடியுமா, இப்படிப்பட்ட படகை வைத்திருப்பவர்களின் அனுபவம் என்ன என்பது அவருடைய கேள்வி.

ஏறக்குறைய அதே படகை நான் கிளாஸ்கோவில் ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன்: 5.1 மீட்டர் நீளம், 56 சென்டிமீட்டர் அகலம், மூன்று அடுக்கு பாலிஎத்திலீன் நெகிழி உடல், முன்னும் பின்னும் மூடியிட்ட சரக்கறைகள், அடியில் இறக்கி ஏற்றும் ஸ்கெக் என்ற சிறு தகடு. வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் கவலைப்படும் ஆட்டம் சில வாரங்களில் மறைந்துவிடும். ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோன அந்த 28 கிலோ மறையாது. வைத்திருப்பவரின் அனுபவத்தில் பெரும்பகுதி அந்த எடையைச் சுற்றியும், பக்கவாட்டில் வீசும் காற்றைச் சுற்றியுமே அமைகிறது.

ஆட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தட்டையான அடிப்பகுதி கொண்ட அகலமான படகு குளத்தில் அசையாமல் நிற்கும். அதே படகு அலையின் சரிவில் ஏறும்போது அந்தச் சரிவோடு சேர்ந்து தானும் சாயும். குறுகிய, சற்றே உருண்ட அடிப்பகுதி கொண்ட கடல் கயாக் அமைதியான நீரில் நடுங்கினாலும், அலை அடியில் புகுந்து போகும்போது உங்கள் இடுப்பு நிமிர்ந்திருக்க விடுகிறது. ஓரளவு சாய்ந்தபின் மேலும் சாய மறுத்து நிற்கவும் செய்கிறது. கடைக்காரர் குளத்தில் காட்டும் உறுதியும் கடலில் தேவைப்படும் உறுதியும் வேறு வேறு. தவிர, நீங்கள் உட்கார்ந்து பார்த்தது காலிப் படகு. கூடாரம், உணவு, தண்ணீர் என்று இருபத்தைந்து கிலோ ஏற்றிப் பாருங்கள். அதே படகு திண்ணைபோல் அமர்ந்துவிடும். நான் முதல் மூன்று மாதங்கள், நாள் பயணங்களுக்குக்கூட, இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்களை வைத்துக்கொண்டு போனேன்.

நம் ஊர்க் கட்டுமரத்தை அறிந்தவர்களுக்குக் கயாக் முதலில் புதிராகத்தான் இருக்கும். கட்டுமரத்தில் நீர் மரங்களுக்கிடையே ஏறி வழிந்துவிடும்; உள்ளே நிரம்புவதற்கு அதில் இடமே கிடையாது. கயாக் இதற்கு நேர்மாறு. இனுயிட் மக்கள் மரச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, மனிதன் நுழையும் துளை ஒன்றை மட்டும் விட்டு, அதையும் உடையோடு சேர்த்து மூடிக்கொண்ட வேட்டைப் படகு அது. 1959இல் கிளாஸ்கோ மாணவரான கென் டெய்லர் வடமேற்கு கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்த தோல் கயாக்கின் வடிவம் பிற்காலத்துப் பிரிட்டிஷ் கடல் கயாக்குகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. உங்களுக்கு விலைக்கு வரும் படகு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கக்கூடும். அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) நீரைவிட்டு எழும்பியிருப்பதும் இடுப்போடு ஒட்டிய குறுகலும் வேட்டைக்காரர்களுக்குத் தேவைப்பட்டவை. ஏறி உட்காரும் சுகத்தை எண்ணி எவரும் அவற்றை வகுக்கவில்லை.

இனி காற்று. பக்கத்திலிருந்து காற்று வீசும்போது ஓடிக்கொண்டிருக்கும் கயாக் காற்றின் முகத்தை நோக்கித் திரும்பும். முன்னேறும் படகின் அணியத்தை இருபுறமும் நீர் இறுக்கிப் பிடித்திருக்கிறது; அமரம் தான் கலக்கிவிட்ட தளர்ந்த நீரில் கிடக்கிறது. ஆகவே காற்று தள்ளும்போது பிடியில்லாத அமரம் மட்டும் விலகிப்போக, அணியம் காற்றை நோக்கி வளைகிறது. வேகம் கூடக்கூட இந்தக் குணமும் கூடும். சுக்கான் இல்லையே என்று நீங்கள் வருந்துவது இதனால்தான் என்றால், உங்கள் படகில் ஸ்கெக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட அமெரிக்காவில் சுக்கான் பரவலாக இருப்பதுபோல் பிரிட்டனில் ஸ்கெக்தான் வழக்கம். இது திசை திருப்பும் கருவி அன்று, அமரத்துக்கு நீரில் பிடிமானம் கொடுக்கும், மீன் துடுப்பு போன்ற ஒரு தகடு, அவ்வளவே. முழுவதும் மேலே இருந்தால் படகு காற்றை நோக்கித் திரும்பும். முழுவதும் இறக்கினால் காற்று போகும் திசைக்கு விலகும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் பக்கக்காற்றிலும் நேராக ஓடும். அந்த இடத்தை விரல் தானாகக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது.

ஸ்கெக் இருப்பதும் அது வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதைக் கற்றுக்கொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேற்குக் கரைத் துறைமுக நகரான ஓபனுக்குத் தெற்கே உள்ள லூயிங் தீவிலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டர் அளவில் பெல்னாஹுவா என்ற சிறு தீவு இருக்கிறது. கற்பலகை வெட்டி வாழ்ந்த மக்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் வெளியேற, கூரையற்ற வீடுகளும் நீர் நிரம்பிய குழியும் மட்டும் எஞ்சிய இடம். தெற்கிலிருந்து போஃபோர்ட் அளவில் நாலாம் நிலை, அதாவது மிதமான காற்று. கரையில் சரளைக் கற்கள்மேல் படகை இழுத்து நீரில் இறக்கியிருந்தேன். அப்போது ஒரு கூழாங்கல் ஸ்கெக் பெட்டிக்குள் புகுந்து இறுகிக்கொண்டது எனக்குத் தெரியாது. நடுவழியில் ஸ்கெக்கை இறக்க முயன்றேன், வரவில்லை. எரிச்சலில் பலமாகத் தள்ளினேன், உள்ளே அதை இயக்கும் கம்பி மடங்கியது. மீதி தூரம் முழுவதும் இடப்பக்கம் மட்டுமே அகலத் துடுப்பு வீசி அணியத்தை மேற்கே பிடித்துவைத்தேன். அன்று இரவு இடது கையால் தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. மடங்கிய கம்பியை மாற்றப் பணமும் மூன்று வாரமும் செலவாயின. மருந்து மிக எளிது: ஸ்கெக்கின் நுனியில் சிறு துளையிட்டு ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டிவிட்டால், நீரில் இறங்கியபின் உடன் வருபவர் அதைப் பிடித்து இழுத்துக் கல்லை விடுவித்துவிடுவார். இந்தக் கயிறு இல்லாத பழைய கயாக்கைப் பார்த்தால், அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் குளத்தில்தான் ஓட்டியிருக்கிறார் என்று நான் முடிவு கட்டிவிடுவேன். அது அநியாயமான முடிவாகவும் இருக்கலாம்.

சரக்கை அடுக்கும் முறையும் இதோடு சேர்ந்தது. கனமானவை முன்னறையில் போனால் படகு காற்றை நோக்கித் திரும்பும் குணம் மோசமாகும். பின்னறையில் அளவுக்கு மீறிப் போனால் காற்றோடு ஓடப் பார்க்கும். தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கனமானது. அது இருக்கைக்கு உடனே பின்னால், அடியோடு ஒட்டி இருக்க வேண்டும். பெரிய நீர்புகாப் பை ஒன்றைவிட ஐந்து, எட்டு லிட்டர் பைகள் பல நல்லவை, ஏனெனில் அணியத்தின் கூம்புக்குள் பெரிய பை போகவே போகாது. முன்மூடி வட்டமாக, இருபது சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்குமானால் சமையல் பாத்திரங்களை வீட்டிலேயே நுழைத்துப் பார்த்துவிடுங்கள். பருப்புச் சாதம் இல்லாமல் முகாமா என்ற வீம்பில் நான் கொண்டுபோன இரண்டு லிட்டர் குக்கர், கைப்பிடி இடித்து, கடற்கரையிலிருந்தே காருக்குத் திரும்பியது.

இப்போது எடைக்கு வருகிறேன். 28 கிலோ என்பது அரிசி மூட்டையின் எடையைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மூட்டை ஐந்து மீட்டர் நீளம் கிடையாது; காற்றில் தோளிலிருந்து சுழலாது. கிளாஸ்கோவின் பழைய அடுக்குமாடி வீட்டில், மூன்றாம் தளத்தில் நான் குடியிருந்தபோது, படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே இந்தப் படகு திரும்பாது என்பது தெரிந்துபோயிற்று. நண்பர் ஒருவரின் வீட்டுப் பக்கச் சந்தில் வைத்தேன். நீரில் நான்கு மணி நேரம் கழிக்க, படகை எடுத்து, காரின் கூரையில் ஏற்றி, கட்டி, ஓட்டி, இறக்கி, திரும்பக் கழுவி வைக்க ஐந்து மணி நேரம் வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் எனக்குப் புரிந்தது. தனியாகக் கூரையில் ஏற்ற முடியாததால், உடன் வர ஆள் கிடைத்த நாட்களில் மட்டுமே கடலுக்குப் போனேன். முதல் ஆண்டில் அது பத்துத் தடவையைத் தாண்டவில்லை. பின்னர் காரின் பின்புறம் ஒரு பழைய தரைவிரிப்பைப் போர்த்தி, அணியத்தை முதலில் சாய்த்துவைத்து, அமரத்தைத் தூக்கித் தள்ளும் உத்தியைக் கற்றேன். ஒரு நேரத்தில் பாதி எடையைத்தான் தூக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பயணங்கள் இரட்டிப்புக்கு மேல் ஆயின. படகு மாறவில்லை, என் திறமையும் பெரிதாக வளரவில்லை.

நெகிழிக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் படகு நான்கைந்து கிலோ குறையும். கார்பன் கலந்தால் இன்னும் குறையும். விலை இரண்டு மடங்கையும் தாண்டும். உங்களுக்கு முதுகுவலி இருந்தால் யோசிக்காமல் அந்தப் பக்கம் போங்கள். இல்லையென்றால் இந்தக் கரைக்கு நெகிழியே எனக்குப் பிடித்தது. அரிசேய்க் விரிகுடாவில் வெள்ளைச் சிப்பி மணலுக்கு நடுவே நீருக்குள் ஒளிந்திருக்கும் பாறைகள் மீது என் படகு எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும் என்று எண்ணவில்லை. அடியில் கோடு கோடாகக் கீறல்கள். கீறலின் ஓரத்தில் எழும்பும் சுருள்களைக் கத்தியால் சீவிவிடுகிறேன், அவ்வளவே. கண்ணாடியிழை வைத்திருக்கும் நண்பர் அதே பாறையில் முகம் வெளிறுவதைப் பார்த்திருக்கிறேன். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கண்ணாடியிழை உடைந்தால் ரெசினும் துணியும் வைத்து வீட்டிலேயே முழுமையாக ஒட்டிவிடலாம், பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, வெடித்தால் அதே பொருளை உருக்கித்தான் ஒட்ட வேண்டும், மூன்று அடுக்குப் படகில் அதுவும் கடினம்.

நெகிழியின் எதிரிகள் வெயிலும் நாடாவும். கூரைக் கம்பிகளின்மேல் இறுக்கிக் கட்டி வெயிலில் நிறுத்தினால் அடிப்பகுதி உள்வாங்கிக் குழிந்துவிடும். என் படகில் அப்படி விழுந்த இரண்டு குழிகள், கவிழ்த்துப் போட்டு ஒரு பகல் வெயில் காட்டியதும் பெரும்பாலும் எழும்பிவிட்டன. ஸ்காட்லாந்தில் அந்த ஒரு பகல் வெயிலுக்குக் காத்திருப்பதுதான் சிரமம். தாங்கிகளை அகலமாக, சரக்கறைகளைப் பிரிக்கும் நடுத் தடுப்புச் சுவர்களுக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். நாடாவைக் கைவிசைக்கு மேல் இறுக்காதீர்கள். முன்னும் பின்னும் தனிக் கயிறு போடுங்கள். கார் சிறியதானால் படகு பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது பின்வருவோருக்குத் தெரியும்படி அடையாளம் கட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம்.

கரையிலும் எடை விடாது. ஓபனில் பெரிய ஓதத்தின்போது, அதாவது கடலின் ஏற்ற இறக்கம் கூடுதலாக இருக்கும் நாட்களில், நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. சரிவு குறைந்த கரையில் அதன் பொருள், காலையில் கார் அருகே இறக்கிய படகை மாலையில் நூற்றைம்பது மீட்டர் வழுக்கும் கடற்பாசியின்மேல் தூக்கிவர வேண்டும் என்பது. சரக்கோடு அறுபது கிலோ இருக்கும் படகை இருவர் கைப்பிடியில் தூக்கினால் கைப்பிடியும் முதுகும் ஒன்றாகப் போகும். அடியில் நாடா கொடுத்து நால்வர் தூக்க வேண்டும், அல்லது சரக்கைப் பிரித்து இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். ஆகவே நான் நீரோட்டத்துக்காக மட்டுமல்லாமல், தூக்கும் தூரத்துக்காகவும் ஓத அட்டவணை பார்க்கிறேன்.

வீட்டில் இடமே இல்லையென்றால் மடக்குக் கயாக்கை எண்ணிப் பாருங்கள். அதை விளையாட்டுப் பொருள் என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரில் டானூப் ஆற்றில் அப்படியொரு மடக்குக் கயாக்கோடு இறங்கி, பாரசீக வளைகுடா, இந்திய, இலங்கைக் கரைகள், பர்மா, இந்தோனேசியத் தீவுகள் என்று ஏழு ஆண்டுகள் ஓட்டி, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவு ஒன்றில் கரையேறினார். போர் தொடங்கியிருந்ததால் எதிரி நாட்டவர் என்று சிறைவைக்கப்பட்டார் என்பது வேறு கதை.

நீர்க்கசிவு பற்றிப் பழைய படகு வாங்குவோர் எல்லோரும் கேட்பார்கள். மூடிகளின் ரப்பர் வெயிலில் வெடித்திருந்தால் மாற்றிவிடலாம்; அது சிறு செலவு. தடுப்புச் சுவர்தான் முக்கியம், ஏனெனில் கவிழ்ந்தபின் படகை மிதக்கவைப்பது அந்த அறைகளின் காற்றே. என் படகின் பின்னறையில் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் அரைக் குவளை நீர் இருந்தது. பாலிஎத்திலீனும் தடுப்புச் சுவரும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால் ஒட்டிய ஓரம் பிளந்திருந்தது. சாதாரண சிலிக்கோன் பூசினேன். ஒரு மாதத்தில் தோல்போல் உரிந்து வந்துவிட்டது. நெகிழியில் பிடிக்கும் தனிவகைப் பசையை, பழையதைச் சுரண்டி, மணல்தாளால் சொரசொரப்பாக்கி, உலரவிட்டுப் பூசியபின் நின்றது. தடுப்புச் சுவரில் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரிந்தால் அதைப் பழுது என்று அடைத்துவிடாதீர்கள். வெயிலில் சூடாகி விரியும் காற்றும், குளிர்ந்த நீரில் இறங்கியதும் சுருங்கும் காற்றும் மூடியைப் பிதுக்காமலும் உறிஞ்சாமலும் இருக்க வேண்டுமென்றே போட்ட துளை அது.

வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுவதும் ஓட்டினால் மூன்று முதல் நான்கு நாட் வேகம் நிற்கும், அதாவது மணிக்கு ஐந்தரை முதல் ஏழு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் நல்ல பயணம். இந்த வேகத்தில் நீரின் உராய்வே பெரிய தடை என்பதால், இன்னும் அரை மீட்டர் நீளமான படகு உங்களை விரைவாகக் கொண்டுபோகும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள். நீரோட்டம் எதிரே வந்தால் எந்தப் படகும் தோற்கும். ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு இடையே கோரிவ்ரெக்கன் நீரிணையில் எட்டு நாட் வேகத்துக்கும் மேல் ஓடும் நீர் நம் வேகத்தைவிட இரண்டு மடங்கு. அதற்குப் பக்கத்தில்கூட முதல் இரண்டு ஆண்டுகள் போக வேண்டாம்.

இருக்கை பொருந்துவதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போனால், பெரும்பாலும் தொடைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் இருக்கையின் முன்விளிம்பு அழுத்துவதுதான் காரணம். ஒரு துண்டு நுரைத்தட்டை வெட்டி வைத்தால் தீர்ந்துவிடும். இதற்காகவே தன் படகை விற்றவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடல் மார்ச்சில் ஏழு பாகை செல்சியஸ். ஆகஸ்டு, செப்டம்பரில்கூட பதின்மூன்று பதினான்கைத் தாண்டுவது அரிது. விழுந்தவுடன் முதல் நிமிடம் மூச்சு திணறும், பத்து நிமிடங்கள் வரை விரல்கள் சொன்னதைக் கேட்கும், அதற்குப்பின் கேட்காது. நம் ஊர்க் கடலில் நீந்தி வளர்ந்த நம்பிக்கை இங்கே உதவாது, எனக்கு உதவவில்லை. ஆகவே படகுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை, உள்ளே நீர் புகாத முழு உடையான டிரை சூட்டுக்கு ஒதுக்குங்கள்; அதற்குப் பணம் போதாதென்றால் இன்னும் மலிவான படகு வாங்குங்கள். கவிழ்ந்த உங்களை இன்னொருவர் படகோடு சேர்த்து நிமிர்த்தி ஏற்றும் முறையையும், அவர் இல்லாதபோது நீங்களாக ஏறும் முறையையும் இரண்டு நிமிடத்துக்குள் செய்ய வரும்வரை கரையை ஒட்டியே போங்கள். இடுப்பைச் சுற்றி உட்காரும் துளையை மூடும் ஸ்பிரே டெக்கின், இழுத்துக் கழற்றும் பிடிவளையம் வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். உடலோடு கட்டிய, பேசவும் கேட்கவும் உதவும் விஎச்எஃப் வானொலி இல்லாமல் நான் இப்போது போவதில்லை; 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவற்படை கேட்டுக்கொண்டிருக்கும். கூடாரத்தைப் பற்றிய கவலை மட்டும் வேண்டாம்: 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொள்வோருக்குக் கரையேறித் தங்கும் உரிமையைத் தந்திருக்கிறது. உள்ளங்கை நிறையக் கொசுவை அள்ளித் தரும் ஜூலை மாலைகளுக்கு அந்தச் சட்டத்தில் நிவாரணம் இல்லை.

படகைப் பார்க்கப் போகும் நாளில் ஒரு வாளியும் ஒரு கைவிளக்கும் கொண்டுபோங்கள். ஒவ்வோர் அறையிலும் அரை வாளி நீர் ஊற்றி, படகை இப்படியும் அப்படியும் சாய்த்து, கால் மணி நேரம் கழித்து மறுபக்கம் ஈரமாகியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஸ்கெக்கை முழுவதும் இறக்கி ஏற்றிப் பாருங்கள். உட்காரும் துளையான காக்பிட்டின் விளிம்பைச் சுற்றியும் இருக்கை இணையும் இடங்களிலும் மயிரிழை வெடிப்புகளைத் தேடுங்கள். நிறம் வெளுத்து, நகத்தால் கீறினால் பொடியாக வந்தால் அந்தப் படகு பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தது, விலை எதுவானாலும் விட்டுவிட்டு வாருங்கள். கசிவுக்கும் மடங்கிய ஸ்கெக் கம்பிக்கும் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கடைசியாக, விற்பவரின் உதவி இல்லாமல் நீங்கள் மட்டும் அதை உங்கள் காரின்மேல் ஏற்றிப் பாருங்கள். அவர் உதவ ஓடிவருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.